நடை மட்டுமா மீட்சி?

எனக்கு 11 வயதாக இருந்தபோது பெரியப்பா பனையிலிருந்து விழுந்தார். திருச்செந்தூருக்குத் தெற்கே தேரிக்காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. பாளை சீவிவிட்டு இறங்கும்போது தளைநார் அறுந்துவிட்டதாகச் சொன்னார்கள். தலையில் ஒரு காயமும் இல்லை. இடுப்புக்குக் கீழே மட்டும் எதுவும் அசையவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்து திண்ணையை அடுத்த அறையில் கிடத்தினார்கள். அதன் பிறகு அவர் 14 ஆண்டுகள் இருந்தார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எப்போ எந்திரிச்சு நடப்பாராம்?" மலையாள வைத்தியர், எண்ணெய், வேண்டுதல், காணிக்கை என்று எல்லாமே அந்தக் கேள்விக்கான பதில்களாக வந்து போயின. அந்த வீட்டில் தினமும் நடந்துகொண்டிருந்த வேலை வேறு. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பெரியம்மா பெரியப்பாவின் தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்துவார். ஒரு தகரக் குவளையில் சிறுநீர் விழும். இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் அது நடந்தாக வேண்டும். யாரோ ஒரு நர்ஸ் கற்றுக்கொடுத்ததாம். இன்றைய மருத்துவர்கள் இப்படி அழுத்துவதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. சிறுநீர் மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் மெல்லிய குழாயைக் கொண்டு வேளாவேளைக்கு வெளியேற்றச் சொல்கிறார்கள். அன்று பெரியம்மாவிடம் இருந்தது கை மட்டும்தான்.

இந்தக் கட்டுரை தண்டுவடக் காயத்தைப் பற்றிய ஆய்வுகளின் வரலாறு. நான் உயிரியல் படித்தவள் அல்ல, தமிழ் படித்தவள். இந்த வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது எல்லாப் பக்கங்களிலும் 'நடை' என்ற சொல்லே பெரிதாகத் தெரிந்தது. பெரியம்மாவின் கை எங்கே இருக்கிறது என்று தேடினேன். எதிர்பாராத ஓர் இடத்தில் அது கிடைத்தது. அதைச் சொல்வதற்கு முன் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

*

தண்டுவடம் என்பது அழகான சொல். தேரை இழுக்கும் கயிறும் வடம்தான். மூளையின் அடியிலிருந்து இடுப்புக்குச் சற்று மேல்வரை, ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளத்தில், சுண்டு விரல் பருமனில் முள்ளெலும்புகளுக்குள் பாதுகாப்பாக ஓடும் நரம்பு வடம் அது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிந்து உடலெங்கும் செல்கின்றன. காலை உயர்த்து என்ற மூளையின் ஆணை ஒரு நரம்பணுவின் நீண்ட இழை வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்குகிறது. அங்கே காத்திருக்கும் இயக்க நரம்பணு அதை வாங்கித் தசைக்கு அனுப்புகிறது. வடம் நசுங்கினால் அந்த இடத்துக்குக் கீழே ஆணை போய்ச் சேராது. கீழேயிருந்து தொடுகையும் வலியும் மேலே வராது. சிறுநீர்ப்பை, குடல், பாலுறுப்புகள், வியர்வை, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் கட்டுப்பாடும் அதே வடத்தின் வழியாகத்தான் போகிறது. கால் அசையாதது வெளியே தெரியும். மற்றவை வெளியே தெரியாது. இந்த ஆய்வின் வரலாறு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு இந்த வேறுபாடு பெரிய காரணம்.

மிகப் பழைய பதிவு எகிப்திலிருந்து கிடைக்கிறது. ஏறத்தாழ கி.மு. 1600இல் படியெடுக்கப்பட்ட, எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்று இன்று அழைக்கப்படும் அறுவை மருத்துவச் சுவடியில் 48 நோயாளிகளின் விவரங்கள் உள்ளன. அவர்களில் ஒருவருக்குக் கழுத்து முள்ளெலும்பு விலகியிருக்கிறது. கைகால்களின் உணர்வு போனதையும் சிறுநீர் தானாகச் சொட்டுவதையும் ஆண்குறி விறைத்திருப்பதையும் அந்த மருத்துவர் கவனித்து எழுதியிருக்கிறார். பிறகு, இது மருத்துவம் பார்க்கும் நோயல்ல என்று முடித்துவிடுகிறார். நான் இதில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொண்டேன். சிறுநீரும் பாலுறுப்பும் முதல் பதிவிலேயே இருக்கின்றன. முதல் பதிவிலேயே உடல் ஆணுடையதாகவும் இருக்கிறது.

கைவிடு என்ற அந்தத் தீர்ப்பு முதல் உலகப் போர் வரை பெரிதாக மாறவில்லை. போர்க்களத்தில் முதுகில் குண்டு பாய்ந்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தார்கள். அவர்களைக் கொன்றது காயமல்ல. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். அந்தக் காலத்தில் பாரிஸில், ஊனமுற்ற படைவீரர்களுக்கான இன்வாலிட் மருத்துவமனையில் இவர்களின் படுக்கைகளுக்கிடையே ஒரு பெண் மருத்துவர் நடந்துகொண்டிருந்தார். அவர் பெயர் அகஸ்தா தெஜெரின்-க்ளும்ப்கே.

1859இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். மருத்துவம் படிக்கப் பாரிஸுக்கு வந்தபோது, மருத்துவமனையில் தங்கிப் பயிலும் உயர்நிலைப் பயிற்சிக்கான போட்டித் தேர்வைப் பெண்கள் எழுத முடியாது. பெண்கள் போராடித்தான் அந்த வாசலைத் திறந்தார்கள். 1886இல் அந்தப் பயிற்சியிடத்தை வென்ற முதல் பெண் இவர். அதற்கு முந்தைய ஆண்டு, மாணவியாக இருந்தபோதே, தோளிலிருந்து கைக்கு வரும் நரம்புக் கற்றையின் கீழ்ப்பகுதி அறுபடும்போது கையில் ஏற்படும் முடக்கத்தை விளக்கியிருந்தார். பிரசவத்தில் குழந்தையின் கை இழுபடும்போது ஏற்படும் அந்த முடக்கம் இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. கணவர் ஜூல் தெஜெரினுடன் சேர்ந்து நரம்பு மண்டல உடற்கூற்றைப் பற்றிய பெருநூலை எழுதினார். 1914இல் பாரிஸ் நரம்பியல் சங்கத்தின் தலைவரானார். 1918இல், இடுப்புக்குக் கீழே முடங்கிய படைவீரர்களின் மூட்டுகளைச் சுற்றி, இருக்கக்கூடாத இடத்தில் எலும்பு வளர்வதை ஆந்த்ரே செய்யியேயுடன் சேர்ந்து விவரித்தார். இன்றும் தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கு மருத்துவர்கள் தேடிப் பார்க்கும் சிக்கல் அது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மற்றவர்கள் ஒதுக்கிய உடல்களின் அருகில் நின்று, நாள்போக்கில் அவற்றுக்கு என்ன நேர்கிறது என்று பார்த்ததால் கிடைத்த அறிவு இது.

இரண்டாம் உலகப் போரில் நிலைமை மாறியது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன் 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். அவருடைய முறையில் மாய மருந்து எதுவும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சிறுநீர்ப்பையைத் தூய்மையான முறையில் காலி செய்ய வேண்டும். பிறகு உட்காரவைக்க வேண்டும், வேலை கற்றுத்தர வேண்டும், விளையாட வைக்க வேண்டும். அவ்வளவுதான். சாகப் போகிறவர்கள் என்று கருதப்பட்டவர்கள் பல்லாண்டுகள் வாழ்ந்தார்கள். 1948 ஜூலை 29 அன்று அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியில் 16 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் 2 பேர் பெண்கள். அந்தப் போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக்காக வளர்ந்தது.

குட்மனின் பெருமையைக் குறைக்க நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு நோயாளியைப் புரட்டிப் போட்ட கைகள் செவிலியருடையவை, உதவியாளர்களுடையவை. தண்டுவட மருத்துவத்தின் மிகப் பெரிய வெற்றியான 'சாகாமல் காப்பது', தொடர்ந்து செய்யப்பட்ட பராமரிப்பு உழைப்பால் கிடைத்த வெற்றி. அதை முறையாக வகுத்தவரின் பெயர் வரலாற்றில் நின்றது. செய்தவர்களின் பெயர்கள் பணிநேரப் பட்டியல்களோடு போய்விட்டன.

*

நம் பக்கத்தில் இந்த வரலாறு வேலூரில் தொடங்குகிறது. 1925இல் கேரளத்தில் பிறந்த மேரி வர்கீஸ், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானார். 1954 ஜனவரியில், உடன் பணியாற்றியவர்களோடு சென்ற வண்டி விபத்துக்குள்ளாகி அவர் தண்டுவடம் நசுங்கியது. முகத்திலும் காயம். இளம் மருத்துவரின் வாழ்க்கை இதோடு முடிந்தது என்றே பலரும் எண்ணியிருப்பார்கள்.

அங்கே தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவை மூலம் மீட்டுக்கொண்டிருந்த பால் பிராண்ட் அவருக்கு வேறொரு வழி காட்டினார். கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரி சக்கர நாற்காலியிலிருந்து அறுவை செய்யக் கற்றார். தன் கால்களை இயக்க முடியாதவர், நரம்பு செத்துப்போன விரல்களுக்குத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி அவற்றை மடக்கவும் நீட்டவும் வைத்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மறுவாழ்வுப் பயிற்சியும், நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவப் படிப்பும் முடித்துத் திரும்பினார். 1963இல் வேலூரில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் தலைவரானார். 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். 1986இல் மறைந்தார்.

மேரி வர்கீஸை நம் பாடநூல்கள் குறிப்பிட்டால், 'ஊனத்தை வென்ற வீரப்பெண்' என்று குறிப்பிடும். எனக்கு அந்தச் சொற்றொடரில் மனம் ஒட்டவில்லை. அவர் ஊனத்தை வெல்லவில்லை. கடைசிவரை நடக்கவும் இல்லை. நடக்காமலே வாழ்வதற்கு என்னென்ன வேண்டும் என்பதைத் தன் உடலிலிருந்து அறிந்துகொண்டு, அந்த அறிவைக் கொண்டு ஒரு மருத்துவத் துறையைக் கட்டினார். மீட்சி என்பதற்கு நடையைத் தவிர வேறு பொருளும் உண்டு என்பதை இந்தியாவில் முதலில் செய்து காட்டியவர்களில் அவர் ஒருவர்.

*

மருத்துவமனையிலிருந்து இப்போது ஆய்வகத்துக்குப் போவோம். அறுந்த தண்டுவடம் ஏன் மீண்டும் சேர்வதில்லை? விரலில் அறுந்த நரம்பு மெல்ல வளர்ந்து சேர்கிறதே? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால் நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து வரைந்து, வளர்ந்த விலங்கின் மூளையிலும் தண்டுவடத்திலும் அறுந்த இழைகள் சிறிது முளைத்துவிட்டு நின்றுவிடுகின்றன என்ற முடிவுக்கு வந்தார். பல பத்தாண்டுகளுக்கு அதுவே கடைசிச் சொல்லாக இருந்தது.

நரம்பணு எதனால் வளர்கிறது, எதனால் சாகிறது என்ற கேள்விக்கு இத்தாலியின் டூரின் நகரில் ஒரு படுக்கையறையில் புதிய கதவு திறந்தது. ரீட்டா லெவி-மொன்டால்சினி பெண்கள் உயர்கல்வி பெறுவதை விரும்பாத தந்தையிடம் வாதாடி மருத்துவம் படித்தவர். யூதர் என்பதால் முசோலினி அரசின் 1938ஆம் ஆண்டு இனச் சட்டங்கள் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றின. அவர் வீட்டிலேயே ஆய்வகம் அமைத்தார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவிகளாக்கினார். கோழி முட்டைக்குள் வளரும் கருவின் கால் மொட்டை நீக்கிவிட்டு, அந்தக் காலுக்குப் போக வேண்டிய தண்டுவட நரம்பணுக்கள் என்ன ஆகின்றன என்று பார்த்தார். அவை பிறக்கின்றன, வளரத் தொடங்குகின்றன, சென்று சேர இடமில்லாமல் பிறகு சாகின்றன. அப்படியானால் சென்றடையும் இடத்திலிருந்து ஏதோ ஒன்று அவற்றுக்கு உயிர் தருகிறது. போருக்குப் பின் அமெரிக்காவில் அவர் தொடர்ந்த தேடல் 1950களில் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைக் கண்டறிந்தது. ஸ்டான்லி கோஹனுடன் 1986இல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் புரதத்தின் உறவுப் புரதங்களைத்தான் பின்னாளில் பல ஆய்வகங்கள் காயம்பட்ட தண்டுவடத்தில் செலுத்திப் பார்த்தன.

1981இல் கனடாவின் மான்ட்ரியாலில் சாமுவேல் டேவிட்டும் ஆல்பர்ட் அகுவாயோவும் எலியின் கால் நரம்புத் துண்டை எடுத்து மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே பாலமாக வைத்தார்கள். வளராது என்று சொல்லப்பட்ட இழைகள் அந்தப் பாலத்துக்குள் வளர்ந்து நீண்டன. ஆகவே குறை நரம்பணுவில் மட்டும் இல்லை. அது இருக்கும் சூழலிலும் இருக்கிறது. 1980களின் இறுதியில் சுவிட்சர்லாந்தில் மார்ட்டின் ஷ்வாப் குழுவினர், தண்டுவட இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் இருப்பதைக் காட்டினார்கள். காயத்தைச் சுற்றி உருவாகும் வடுவும் தடுக்கிறது. பொருத்தமான இடம் கொடுத்தால் வளரும், வளராதபடி சூழல் தடுக்கிறது என்ற செய்தியைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். பெண்கள் கல்வியின் வரலாற்றை நடத்தும் வகுப்பில் நான் சொல்லும் வாக்கியம் அது.

*

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போதுதான் பெரியம்மாவின் கையை மீண்டும் பார்த்தேன்.

மருத்துவ ஆய்வகங்களில் நெடுங்காலமாக ஆண் விலங்குகளையே அதிகம் பயன்படுத்தினார்கள். பெண் விலங்கின் ஹார்மோன் சுழற்சி முடிவுகளைக் குழப்பும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ஆணுடல்தான் பொது உடல், பெண்ணுடல் ஒரு தொந்தரவு என்ற எண்ணம் அது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2016இலிருந்துதான் பாலினத்தையும் கணக்கில் எடுக்கும்படி ஆய்வாளர்களிடம் கேட்கத் தொடங்கியது. தண்டுவடக் காய ஆய்வில் மட்டும் நிலைமை தலைகீழ். இங்கே பெரும்பாலும் பெண் எலிகள்தான்.

பெண்ணியம் இதற்குக் காரணமில்லை, சிறுநீர்ப்பைதான் காரணம். தண்டுவடம் நசுங்கிய எலியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. அனிச்சையாகவாவது கழிக்கும் திறன் திரும்பும் வரை, ஓரிரு வாரங்களுக்கு, ஆய்வாளர் ஒவ்வொரு எலியையும் கையிலெடுத்து, அடிவயிற்றை விரல்களால் மெல்ல அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று முறை. ஞாயிற்றுக்கிழமையும்தான். ஆண் எலிக்குச் சிறுநீர்க் குழாய் நீளமானது. அடைப்பும் தொற்றும் எளிதில் வரும். பெண் எலிக்கு இந்த வேலை சுலபம். அதனால் பெண் எலி.

இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உலகின் பெரிய ஆய்வகங்களில் மாணவர்கள் எலியின் வயிற்றில் வைக்கும் கையும், எங்கள் வீட்டுத் திண்ணை அறையில் பெரியம்மா வைத்த கையும் ஒன்று. எந்த எலியைத் தேர்வது என்பதையே அந்த வேலைதான் முடிவு செய்கிறது. ஆனால் ஆய்வுக் கட்டுரையில் அது 'செயல்முறை' என்ற பகுதியில் ஒரு வரியாக அடங்கிவிடும். 'முடிவுகள்' என்ற பகுதி நடையைப் பற்றிப் பேசும்.

அந்த நடையை அளக்கும் கோலைச் செய்தவர்களில் பெண்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1995இல் மிஷேல் பாஸோ, மைக்கேல் பீட்டி, ஜாக்குலின் பிரெஸ்னஹான் ஆகியோர் வகுத்த அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. எலியைத் திறந்த இடத்தில் நான்கு நிமிடம் விட்டு, பின்னங்காலின் மூட்டுகள் அசைகின்றனவா, பாதம் தரையில் எப்படிப் பதிகிறது, முன்காலும் பின்காலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து 0 முதல் 21 வரை மதிப்பெண் இடுவார்கள். இயக்கத்தை அளக்க இது மிக நுட்பமான கருவி, அதற்காகவே செய்யப்பட்டது. அதன் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. எதற்கு மதிப்பெண் உண்டோ அதுவே மீட்சி என்று ஆகிவிடுவதுதான் சிக்கல். தேர்வுத்தாள் திருத்தும் எங்களுக்கு இது தெரிந்த கதை.

*

எலியிலிருந்து மனிதருக்கு வரும்போது பாலினம் மறுபடி மாறுகிறது. பூனைகளைக் கொண்டு 1911இலேயே கிரஹாம் பிரவுன் ஓர் உண்மையைக் காட்டியிருந்தார்: மூளையின் ஆணை இல்லாமலே தண்டுவடம் தானாக நடையின் தாளத்தை உண்டாக்க வல்லது. அந்தத் தாளத்தை எழுப்ப முடியுமா என்ற கேள்வியோடு, அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் சூசன் ஹார்கெமா என்ற பெண் விஞ்ஞானியின் குழு, முடங்கிய ஓர் இளைஞரின் கீழ்த்தண்டுவடத்தின் மேல் 16 மின்முனைகள் கொண்ட தகட்டைப் பொருத்தியது. மின்தூண்டலோடு அவர் எழுந்து நின்றார். படுத்திருக்கும்போது தானே நினைத்துக் காலை அசைத்தார். 2011இல் இது வெளியானது. 2014இல் கிளாடியா ஏஞ்சலியும் ஹார்கெமாவும் சேர்ந்து நான்கு பேரைப் பற்றி எழுதினார்கள். நால்வரும் ஆண்கள். 2018இல் வெளியான அடுத்த ஆய்வில் நால்வரில் இருவர், மாதக்கணக்கான பயிற்சிக்குப் பின், மின்தூண்டலின் துணையோடு தரையில் நடந்தார்கள். அந்த இருவரில் ஒருவர் பெண்.

தண்டுவடக் காயம் பட்டவர்களில் ஆண்களே அதிகம். அமெரிக்காவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர். எனவே ஆய்வில் ஆண்கள் அதிகமிருப்பதை முழுக்க ஓரவஞ்சனை என்று சொல்ல முடியாது. ஆனாலும் சிறுபான்மையாக இருக்கும் பெண்ணின் உடல் பற்றிய கேள்விகள் பின்னுக்குப் போனது உண்மை. 2011ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே அந்த இளைஞரின் சிறுநீர்க் கட்டுப்பாடும் பாலுணர்வும் மேம்பட்டது பதிவாகியிருக்கிறது. உலகம் பார்த்தது அவர் எழுந்து நிற்கும் படத்தை.

இந்த இடத்தில் நான் மிகவும் மதிக்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிம் ஆண்டர்சன் பதின்வயதில் கார் விபத்தில் கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர். சக்கர நாற்காலியிலிருந்தபடி நரம்பியல் படித்து ஆய்வாளரானார். அவர் 2004இல் வெளியிட்ட ஆய்வுக்கு மின்முனைகளோ எலிகளோ தேவைப்படவில்லை. தண்டுவடக் காயத்தோடு வாழும் 681 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்: எது திரும்பக் கிடைத்தால் உங்கள் வாழ்க்கை அதிகம் மேம்படும்?

கைகளும் கால்களும் முடங்கியவர்கள் முதலில் கேட்டது கை. ஏறத்தாழப் பாதிப்பேர் அதையே முதலிடத்தில் வைத்தார்கள். கால்கள் மட்டும் முடங்கியவர்களில் அதிகம் பேர் முதலிடம் தந்தது பாலுறவுத் திறனுக்கு. சிறுநீர்ப்பை, குடல் கட்டுப்பாடு இரு தரப்பாருக்கும் முக்கியமாக இருந்தது. நடை இருவருக்குமே முதலிடத்தில் இல்லை. முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமா என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அவன் ஆசைப்பட்டது கொம்புத்தேனுக்குத்தானா என்று நாம் கேட்டதில்லை. முடத்திக்கு என்ன ஆசை என்ற கேள்வி பழமொழியில்கூட இல்லை.

பெண்களிடம் கேட்டபோது புதிய அறிவியலும் கிடைத்தது. தண்டுவடம் முழுதாக அறுபட்ட பெண்ணுக்கு இடுப்புக்குக் கீழே எந்த உணர்வும் இருக்காது என்பது பாடநூல் கருத்து. ஆனால் மாதவிடாய் வலியை உணர்வதாகவும், உச்ச இன்பத்தை உணர்வதாகவும் சொன்ன பெண்கள் இருந்தார்கள். மனப்பிரமை என்று தள்ளிவிட வாய்ப்பிருந்த சொற்கள் அவை. பெவர்லி விப்பிள், பாரி கோமிசருக் ஆகியோர் அவர்களை நம்பி ஆய்வு செய்தார்கள். 2004இல் வெளியான மூளைப் படங்கள் அவர்கள் சொன்னதற்குச் சான்று தந்தன. மூளைத்தண்டிலிருந்து நேராக மார்பு, வயிறு வழியே இறங்கும் வேகஸ் நரம்பு, தண்டுவடத்தைத் தொடாமலே கருப்பை வாயின் உணர்வை மூளைக்குக் கொண்டுபோகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். பெண்கள் சொன்னதை நம்பியதால் கிடைத்த கண்டுபிடிப்பு இது. பிறகு 2019இல் மின்னசோட்டா ஆய்வாளர்கள் தண்டுவட மின்தூண்டல் பற்றித் தந்த அறிக்கை, இரண்டு பெண்களைப் பற்றியது. இருவராலும் கால்களை நினைத்து அசைக்க முடிந்தது. ஒருவருக்கு இரத்த அழுத்தம் சீரானது, ஒருவருக்கு உச்ச இன்பம் திரும்பியது என்பனவும் அதே அறிக்கையில், அதே மதிப்போடு இடம்பெற்றன.

மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னும் சில உண்மைகள் உண்டு. காயத்துக்குப் பின் சில மாதங்கள் நின்றுபோகும் மாதவிடாய் பெரும்பாலும் திரும்பிவிடும். கருத்தரிக்கும் திறன் போவதில்லை. ஆனால் மார்புப் பகுதியின் ஆறாவது தண்டுவடக் கூறிலோ அதற்கு மேலோ காயம் பட்டவருக்குப் பிரசவ வலியின்போது இரத்த அழுத்தம் திடீரென ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அவரால் வலியை உணர முடியாமலிருக்கலாம், கடும் தலைவலி மட்டும் வரலாம். இதை அறியாத மருத்துவர் வேறு நோயென்று மயங்கக்கூடும். நிரம்பிய சிறுநீர்ப்பைகூட இதே விளைவை உண்டாக்கும். இவற்றைச் சொல்லித்தர மறந்த கல்வி பாதிக் கல்விதான்.

*

இங்கே, தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய ப்ரீத்தி சீனிவாசன் 1998இல், 18 வயதில், கடற்கரையில் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே முடங்கினார். தன்னைப் போன்ற பெண்களுக்காகத் திருவண்ணாமலையில் அவர் தொடங்கிய அமைப்பு சோல்ஃப்ரீ. இங்கே ஆணுக்குக் காயம் பட்டால் அம்மாவோ மனைவியோ இருப்பார். பெண்ணுக்குக் காயம் பட்டால் யார் இருப்பார் என்ற கேள்வி அந்த அமைப்பின் பின்னால் இருக்கிறது. மேரி வர்கீஸின் வேலையை நம் காலத்தில் தொடர்பவராகவே அவரைப் பார்க்கிறேன்.

கடந்த கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. இடது மணிக்கட்டு சற்று வளைந்துவிட்டது. கிம் ஆண்டர்சன் கேட்ட கேள்வியை அவரிடம் என் மொழியில் கேட்டேன்: "பெரியப்பாவுக்கு எது மட்டும் சரியாகியிருந்தா நல்லாருந்திருக்கும் பெரியம்மா? நடக்குறதா?"

வெற்றிலையை மடித்துக்கொண்டே யோசித்தார். "அவிய எங்கிட்ட நடக்கணும்னு ஒருநாளும் சொன்னதில்ல மக்களே. வாறவங்கதான் அதச் சொல்லுவாவ. யாரு கையும் படாம ஒண்ணுக்குப் போணும்னுதான் அவிய சொல்லுவாவ."

"உங்களுக்கு?"

இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை என்பது அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "எனக்கா? ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கணும்னு இருந்துச்சு."